கியர்பாக்ஸைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு கொஞ்சம் ஆயில் வாடை அடிக்கற பதிவு. கார்னாலே அலர்ஜின்னு இருக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம்.

நம்ம வண்டி 1983 மெர்சிடிஸ் 300டி, டர்போ டீசல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். என்னை விட 13 வயசு மூத்தது. கலிபோர்னியாவுலயே ஓடின வண்டிங்கறதால துரு கிடையாது. 4000 டாலருக்கு வாங்கினேன். பென்ஸ் வாங்கியிருக்கேன்னு போன்ல சொன்னப்ப அப்பாவுக்கு தலை கால் புரியல. போட்டோ அனுப்பினதும், "ஏன்டா, இதை உன் தலையில கட்டினது யாரு?"ன்னார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னமோ, மூணே மாசத்துல கியர் மாறும்போது பின்னாடியிருந்து யாரோ எட்டி உதைக்கற மாதிரி ஒரு குலுக்கல். ஒண்ணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து மூணு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு உதை. தங்கமணி கையில இருந்த காபி டம்ளர் ரெண்டு தடவை அவங்க புடவையிலயே கவிழ்ந்துச்சு. அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததை விட்டுடுவோம்.

ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன் (பேர் வேண்டாம்). அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்தார். பானெட்டைக்கூட திறக்கல. "டிரான்ஸ்மிஷன் போயிடுச்சு. பிரிச்சு ரீபில்ட் பண்ணணும், 3200 டாலர்." காரோட விலையே 4000 ராசா!

என் கோவம் இங்கதான் ஆரம்பிக்குது. புரொடக்‌ஷன்ல ஒரு பக் வந்தா லாக் பாக்காம "சர்வரை மாத்துங்க"ன்னு சொன்னா என் மேனேஜர் என்னை சும்மா விடுவாரா? இந்த மாதிரி பழைய டீசல் வண்டியில கியர் உதைச்சா கியர்பாக்ஸ் மேல சந்தேகப்படறது கடைசியா இருக்கணும். ஏன்னு சொல்றேன்.

பெட்ரோல் எஞ்சின்ல காத்து வர்ற வழியை திராட்டில் மூடித் திறக்கும். மூடினா உள்ள வேக்குவம் ஏறும், திறந்தா இறங்கும். டிரைவர் எவ்வளவு மிதிக்கறார்ங்கறதை கியர்பாக்ஸ் அதை வெச்சே தெரிஞ்சுக்கலாம். இந்த டீசல்ல அந்தக் கதவே கிடையாது. அதனால இந்த வண்டியில தனியா ஒரு வேக்குவம் பம்ப் வெச்சிருக்காங்க. அதை ஆக்சிலரேட்டருக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்க இன்ஜெக்‌ஷன் பம்ப் மேல ஒரு சின்ன வால்வு. அங்கிருந்து ஒரு மெல்லிசு டியூப் கியர்பாக்ஸ்ல இருக்கற மாடுலேட்டருக்குப் போகும். வேக்குவம் நிறைய வந்தா "மெதுவா போறார்"னு நினைச்சு ஆயில் பிரஷரைக் குறைச்சு மெத்துனு மாத்தும். வேக்குவம் இல்லைன்னா "முழுசா மிதிக்கறார் போல"ன்னு பிரஷரை ஏத்தி படார்னு மாத்தும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. 40 வருஷம் தாண்டின ரப்பர் எங்கயாவது வெடிச்சு லீக் ஆனா என்ன ஆகும்? நீங்க பூ மாதிரி மிதிச்சாலும் கியர்பாக்ஸ் ரேஸ் ஓட்டறதா நினைச்சுக்கும். என் வண்டியில முழுசா மிதிச்சா கியர் ஒழுங்கா மாறும், மெதுவா போனாதான் உதை. இந்த ஒரு விஷயமே பாதி விடை. அதை நானும் கவனிக்கல, மெக்கானிக்கும் கேக்கல.

மெக்கானிக்கை மட்டும் திட்டினா எப்படி, என் புத்திசாலித்தனத்தையும் சொல்லணுமே. மாடுலேட்டர்ல ரப்பர் மூடிக்குக் கீழ திருகற மாதிரி ஒரு அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. எங்கயோ படிச்சுட்டு, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, எத்தனை சுத்துன்னுகூட எண்ணாம திருகினேன். உதை நின்னுச்சு! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். மறுநாள் ஃப்ரீவே ஏறும்போது முழுசா மிதிச்சா, ரெண்டுலேர்ந்து மூணு மாறற இடத்துல எஞ்சின் 'ஊஊ'ன்னு கத்துது, வண்டி நகரல. பின்னாடி ஒரு டிரக். அந்த ஒரு செகண்ட் எனக்கு பத்து நிமிஷம். பிரஷரை நான் குறைச்சுட்டதால கிளட்ச் தட்டுகள் வழுக்குது. அப்படியே ஓட்டியிருந்தா தட்டெல்லாம் தீஞ்சு, அந்த 3200 டாலர் வைத்தியம் நிஜமாவே தேவைப்பட்டிருக்கும். நோய் ஒரு பக்கம், நான் மருந்து போட்டது இன்னொரு பக்கம்.

க்ளூ குடுத்தது வண்டியேதான். ஒரு நாள் சாவியை உருவிட்டு இறங்கறேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. பேய் இல்லைங்க. இந்த வண்டியில எஞ்சினை நிறுத்தறதும் வேக்குவம்தான். பானெட்டைத் திறந்து 'ஸ்டாப்'னு எழுதின லீவரை அமுக்கி நிறுத்தினேன். அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. சென்ட்ரல் லாக்கும் கொஞ்ச நாளா சண்டித்தனம் பண்ணுது. கியர், சாவி, கதவு, மூணுக்கும் ஒரே பம்ப். அதைவிட வயித்தைக் கலக்கினது, பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். நடுவுல ஒருவழி வால்வு இருக்கறதால பிரேக் உடனே போயிடாது. ஆனாலும் தங்கமணியை உக்கார வெச்சு ஓட்டற வண்டியாச்சே.

எங்க அபார்ட்மென்ட்ல வண்டி ரிப்பேர் பண்ணத் தடா. அதனால நண்பன் வீட்டு வாசல்ல டேரா. "மாப்ள, நீ இதை வித்துட்டு ஒரு கரோலா வாங்குடா"ன்னு சொல்லிக்கிட்டே டார்ச் பிடிச்சான். 35 டாலர் கைப்பம்பு ஒண்ணு, மீட்டரோட. கியர்பாக்ஸுக்குப் போற டியூப்ல மாட்டிப் பாத்தா ஐடில்ல வெறும் 6 இன்ச். கதவு லாக்குக்குப் போற லைனைக் கழட்டி அடைச்சேன். மீட்டர் சர்ருனு 13க்கு ஏறிச்சு. அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் கேம்பஸ்ல வேலை கிடைச்சப்பகூட வரல.

அப்புறம் ஒவ்வொரு கதவா தேடினதுல, பின்னாடி இடது கதவுக்குள்ள இருக்கற டயாஃப்ரம் கிழிஞ்சிருந்துச்சு. கூடவே ரெண்டு ரப்பர் இணைப்பு அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருந்துச்சு. மாடுலேட்டரை பழையபடி கொண்டு வரத்தான் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு. அரைத் திருகு திருப்பி, ஒரு ரவுண்டு ஓட்டி, மறுபடி அரைத் திருகு. எண்ணாததுக்குத் தண்டனை!

அதனால இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க முதல்ல ஆயில் அளவைப் பாருங்க. எஞ்சின் ஓடிக்கிட்டு, சூடா இருக்கும்போதுதான் பாக்கணும். கூட இருந்தாலும் தப்பு. அப்புறம் வேக்குவம். மாடுலேட்டர் டியூப்பை உருவி உள்ள ஆயில் ஈரம் இருந்தா மாடுலேட்டரோட டயாஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அதை மாத்தணும். அதுக்கும் பிறகுதான் ஆக்சிலரேட்டர்லேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிள். அது எந்த வேகத்துல கியர் மாறணும்ங்கறதுக்கு, உதையைக் குறைக்கறதுக்கு இல்ல. திருகைத் தொடறதா இருந்தா கடைசியாத் தொடுங்க, எண்ணித் தொடுங்க.

ஆயில் கருப்பாகி தீஞ்ச வாடை அடிச்சாலோ, கீழ் தட்டைக் கழட்டினா உலோகத்தூள் கெடந்தாலோ, அப்ப ரீபில்ட்னு சொல்றவர் சொல்றது சரிதான். நான் வாதாட மாட்டேன். ஆனா அந்தத் தட்டைக் கழட்டிப் பாத்துட்டு சொல்லட்டும். பானெட்டைக்கூட திறக்காம 3200ன்னு சொல்றது வைத்தியம் இல்ல, ஜோசியம்.

கதவுக்கான டயாஃப்ரம் இன்னும் வந்து சேரல. அது வரைக்கும் கதவு லைன் அடைச்சபடியே இருக்கு, நாலு கதவையும் நடந்து போய் கையாலதான் பூட்டறோம். தங்கமணி இப்ப காபியோட ஏறறாங்க, டம்ளருக்கு மூடி போட்டு.