கணக்கில் ஏறிவிட்டது

“அரிசிப் பணம் ஏறிச்சான்னு பார்ரா.” 2016-இல் ஆயா என்னிடம் அதிகம் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பார்ப்பேன். ஏறியிருக்காது. வழுதாவூர் சாலையில் வெயிலில் நடந்துபோய், வங்கி வரிசையில் நின்று, பாஸ்புக்கில் வரி போட்டுக்கொண்டு வருவாள். அதில் முதியோர் பென்ஷன் இருக்கும், அரிசிப் பணம் இருக்காது. ஐந்து மாதம் இப்படியே போனது. ஒருநாள் தகரப்பெட்டியில் வேறு எதையோ தேடும்போது இன்னொரு பாஸ்புக் கிடைத்தது. தெருவில் முகாம் போட்டு யாரோ திறந்துகொடுத்த கணக்கு. கைரேகை வைத்ததோடு ஆயா அதை மறந்துவிட்டிருந்தாள். ஐந்து மாதப் பணமும் அதில் பத்திரமாக இருந்தது. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ, ஆதார் வழியாக வரும் பணம் அங்கேதான் போகும். ஆயாவுக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இத்தனைக்கும் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலை, ஆயிரக்கணக்கான பேருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் மென்பொருள் ஒன்று.

அந்த ஐந்து மாதமும் ஏதோ ஒரு கணினியில் ஆயாவின் பெயருக்கு நேரே ‘வெற்றி’ என்றுதான் இருந்திருக்கும். அது பொய்யுமில்லை. யாரும் திருடவில்லை, நிரலில் பிழை இல்லை. எழுதிக்கொடுத்தபடி எல்லாம் நடந்தது. எனக்குச் சண்டை அந்த ‘எழுதிக்கொடுத்தபடி’யோடுதான்.

எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ரிக்கொயர்மென்ட். பிசினஸ் அனலிஸ்ட் என்று ஒருவர் இருப்பார். வாடிக்கையாளருடன் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டு, நூறு பக்கத்துக்கு ஓர் ஆவணம் எழுதுவார். கட்டமும் அம்புக்குறியுமாகப் படங்கள் வரைவார். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் நாங்கள் கட்டுவோம், சோதிப்போம், கொடுப்போம். பின்னால் ஏதாவது வெடித்தால் அந்தக் கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டி “அஸ் பெர் ரிக்கொயர்மென்ட் சார்” என்போம். பத்துப் பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆவணம் புரிந்துகொள்வதற்காக எழுதப்படுவது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பின்னால் வரப்போகும் தகராறுக்கான சாட்சிப் பத்திரமாகத்தான் எழுதப்படுகிறது. அதனால்தான் அதில் பணம் கொடுப்பவரின் சொற்கள் மட்டும் இருக்கின்றன. வாங்கிக்கொள்பவருக்கு அதில் ‘பயனாளி’ என்று ஒரு பெயர். படத்தில் குச்சி மனிதன். தலை வட்டம், உடம்பு ஒரு கோடு. ஆயாவுக்கு முழங்கால் வலி என்பதை அந்தப் படத்தில் வரைய இடமில்லை.

புதுச்சேரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தத் தொழில்நோயை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இன்னொரு எக்ஸ்ரே எனக்குத் தெரியாது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்பதற்கான விதிகளை மத்திய அரசு 2015 ஆகஸ்டில் அறிவித்தது. செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. சின்ன இடங்கள், சோதித்துப் பார்க்க வசதி. மாநில அரசின் இலவச அரிசி தனிக்கதை. சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. அது கொஞ்ச காலம் வந்தும் வராமலும் இருந்தது. அரிசியா பணமா என்று முதல்வர் நாராயணசாமியும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் மோதிக்கொண்டது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அதுவும் பணமானது. சிவப்புக்கு 600 ரூபாய், மஞ்சளுக்கு 300. ரேஷன் கடைகளின் பூட்டு துருப்பிடித்தது. ஊழியர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள்.

முதல் வருஷத்தில் இந்தத் திட்டத்தைக் கண்காணிக்க நிதி ஆயோக் ஜே-பால் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்களின் ஆய்வு. அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். வீட்டுக் கதவைத் தட்டி “பணம் வந்துச்சா?” என்று கேட்டார்கள். அரசின் பதிவில் தோல்வியடைந்த பரிமாற்றங்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், வரவில்லை என்றார்கள். ஆயா தனியாள் இல்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கட்டுரையே. ஊழல் என்று சொல்லிவிட்டால் சுலபம். பணம் வந்தும் தெரியாதவர்கள் உண்டு, தனக்குத் தெரியாத கணக்கில் வந்தவர்கள் உண்டு, நிஜமாகவே வராதவர்களும் உண்டு. அரசின் மாதிரிப்படத்தில் கடைசிக் கட்டம் ‘கணக்கில் வரவு வைக்கப்பட்டது’. அதற்குப் பிறகு அம்புக்குறி இல்லை. அது தன் கணக்குதான் என்று அவளுக்குத் தெரியுமா, போய் எடுக்க முடிந்ததா, எடுத்த காசில் அரிசி வாங்க முடிந்ததா. இந்த மூன்று கட்டங்களும் வரையப்படவே இல்லை. வரையப்படாத கட்டத்தில் எந்தச் சோதனையும் தோற்காது. இது புதுச்சேரிக்கு மட்டுமான வியாதியுமில்லை. செல்பேசி எண்ணுக்காகக் கொடுத்த ஆதார் சரிபார்ப்பை வைத்து, கேட்காமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குகள் திறக்கப்பட்டு, எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்ததாகப் புகார் கிளம்பி, 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் இ-கேஒய்சி உரிமத்தை நிறுத்திவைத்தது நினைவிருக்கலாம். அங்கேயும் மானியம் அனுப்பியவர்களின் திரையில் எல்லாம் வெற்றிதான்.

பேரி போம் என்ற அமெரிக்கர், எங்கள் துறையின் மூத்தவர்களில் ஒருவர், 1984-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு கேள்விகளைப் பிரித்துவைத்தார். பொருளைச் சரியாகக் கட்டுகிறோமா என்பது ஒன்று. சரியான பொருளைத்தான் கட்டுகிறோமா என்பது இன்னொன்று. பொறியியல் கல்லூரியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். வேலைக்கு வந்தபிறகு இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் கேள்விக்கு ஆவணம் இருந்தால் போதும். இரண்டாவதுக்குக் கதவைத் தட்டவேண்டும்.

அரிசியின் விலையைப் பாருங்கள். எவ்வளவு பணம் என்பதற்கு 2015 விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றேகால் மடங்காக்கி, மத்திய வழங்கல் விலையைக் கழித்துக்கொள்வது. ரிக்கொயர்மென்ட் என்ற வகையில் இதைவிடச் சுத்தமான வரியைப் பார்க்க முடியாது. குழப்பமில்லை, சோதிக்கலாம், இரண்டு பேர் கணக்குப் போட்டால் ஒரே விடை. தேர்வில் முழு மதிப்பெண். ஆனால் மேட்டுப்பாளையம் மளிகைக்கடையில் மூட்டை என்ன விலை என்று அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. அதே அளவு தானியத்தை வெளியே வாங்க, கொடுத்த தொகையைவிட அதிகம் செலவானதாக அந்த ஆய்வு சொல்கிறது. மாநிலத்தின் 600 ரூபாயில் சூத்திரம்கூட இல்லை. 20 கிலோவுக்கு 600, கிலோ 30. அரிசி என்பது ஒரு மாறிலி! நிரலுக்குள் எண்ணை நேரடியாக எழுதாதே என்று முதல் வருஷ மாணவனைத் திட்டுவோம். இங்கே அரசாணையில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் என் சக பொறியாளர்கள் அந்தப் பழைய பல்லவியை எடுப்பார்கள்: “யூசருக்குத் தனக்கு என்ன வேணும்னே தெரியாதுப்பா.” இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் எங்கள் தொழிலில் இல்லை. ஆயா ரேஷன் கடையில் என்ன செய்வாள் தெரியுமா? பைக்குள் கொட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பாள். மோந்து பார்ப்பாள். “இன்னாப்பா, போன மாசத்துதா இது? நாத்தம் வருது” என்பாள். தராசு முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். அப்புறம்தான் கையெழுத்து. எடை, தரம், காலம், ஏற்பு எல்லாம் அதில் இருக்கின்றன, எதிரில் நிற்பவனோடு சண்டை போடும் உரிமையும் சேர்த்து. அவளுக்கு என்ன வேண்டும் என்பது கிலோவிலும் வாசனையிலும் தெரிந்திருந்தது. அவளைக் கேட்கத்தான் ஆளில்லை.

ரேஷன் கடையை நான் கோயிலாக்கவில்லை. எடை குறைந்ததும் “ஸ்டாக் வரல, அப்பறம் வா” என்று திருப்பி அனுப்பியதும் எனக்கு ஞாபகமிருக்கிறது. அந்தத் திருட்டை ஒழிக்கத்தான் பணம் என்றார்கள், அது நியாயமான காரணம். முறை பழகப் பழக மக்களில் பணத்தை விரும்பியவர்கள் கூடினார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மறைக்கமாட்டேன். பணமா அரிசியா என்பது நான் தீர்க்கும் வழக்கில்லை. இரண்டில் எதைக் கொடுத்தாலும், கிடைத்தது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கடையில் அது பாதியாவது ஆயாவின் கையில் இருந்தது. பணமானபோது அந்தப் பாதியும் திரைக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறு ஒன்றை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது எனக்கும்தான். மேலே சொன்னேனே, பணம் அனுப்பும் மென்பொருள். அதில் ‘வெற்றி’ எப்போது என்ற வரியை எழுதியவனே நான். வங்கி கோப்பை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தால் வெற்றி. ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, அரை நிமிஷத்தில் எழுதினேன். மறுபரிசீலனையில் ஏழு பேர் படித்தார்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. அந்த வரிக்கு எதிரில் எத்தனை தகரப்பெட்டிகள் இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆயாவின் இரண்டாவது பாஸ்புக்கைக் கையில் வைத்திருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், புதுச்சேரியில் ரேஷன் கடைகளை மறுபடி திறந்தார்கள். 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை. ஆயாவால் இப்போது நடக்க முடியாது, நான்தான் போனேன். பையைக் கொண்டுவந்து வைத்ததும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தாள். “நீ மோந்து பாத்தியா?” என்றாள். பார்க்கவில்லை.

போன வருஷம் வேறொரு வாடிக்கையாளருக்கு எழுதிய ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஒவ்வொரு மாதமும் நூறு பயனாளிகளைத் தொலைபேசியில் அழைத்து ‘கிடைத்ததா’ என்று கேட்கவேண்டும், அந்த எண்ணிக்கையும் நம் பதிவும் பொருந்தாத மாதத்தில் அறிக்கையில் ‘வெற்றி’ என்ற சொல் வரக்கூடாது. மென்பொருளில் ஒரு பொத்தான்கூட வேண்டாம், ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். கூட்டத்தில் படித்துவிட்டு, நல்ல யோசனை என்றார்கள். இதற்கு யார் பட்ஜெட் என்று கேட்டார்கள். கையெழுத்துக்கு வந்த பிரதியில் அந்த வரி ‘இரண்டாம் கட்டம்’ என்ற தலைப்புக்குக் கீழே போயிருந்தது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் இரண்டு முறை போன் செய்தார். மூன்றாவது முறை, வரி மூன்றாம் பக்கத்துக்கே திரும்பிவிட்டது என்றும், நூறு என்பதை முப்பதாகக் குறைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். முப்பதுக்கு ஒத்துக்கொண்டேன்.