மலையேறும் பாட்டில் ஏன் இறங்குவதில்லை? தேவிகுளத்தில் தடைக்கு அப்பாலும் ஒரு கேள்வி

தேவிகுளம்: மூணாறு உள்ளிட்ட கேரள மலைச் சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களை 2025 அக்டோபர் 2 முதல் தடை செய்யுமாறு அம்மாநில உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதம் உத்தரவிட்டது. 5 லிட்டருக்குக் குறைவான குடிநீர் பாட்டில்களும் 2 லிட்டருக்குக் குறைவான குளிர்பான பாட்டில்களும் இதில் அடங்கும்.

தடை தொடங்குவதற்கு 10 நாள்களுக்கு முன்னர்தான் குடிநீர் பாட்டில் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கை தடுக்கும் பொருளை மறு கை மலிவாக்கியது.

இந்த பாட்டிலின் மூலப்பொருளான 'பெட்' 1941-இல் இங்கிலாந்தில் உருவானது. முதலில் அது துணிக்கான இழையாகவே பயன்பட்டது. ஒரு தலைமுறை விரும்பி அணிந்த டெரிலின் சட்டையும் அதன் வாரிசுதான். சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பாட்டிலாக அதை மாற்றிய அமெரிக்கப் பொறியாளர் நத்தானியல் வையத், 1973-இல் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, உடையாது என்பதால் மலைச்சாலைக் கடைகளுக்கு அது வரமாகவே வந்தது.

ஆனால், அதற்கு முந்தைய கண்ணாடி பாட்டிலுக்கு முன்பணம் இருந்தது. காலியானதும் பெட்டியோடு அதே லாரியில் கீழே இறங்கியது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்தத் திரும்பும் விலை இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் அது தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்குமாக மீண்டும் பயன்படுகிறது. பயணி வீசியதோ ஓடையிலும் காட்டிலும் தங்குகிறது. ரஜினி படத்தின் பெயரைப் பெற்ற 'படையப்பா' என்ற காட்டு யானை, மூணாறு கழிவுக் கிடங்கில் பிளாஸ்டிக்கோடு கலந்த குப்பையைத் தின்னும் காட்சிகள் பலமுறை வெளியாகியுள்ளன.

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி வசூலிக்கப்படுகிறது. அது தண்டம், பாட்டிலைத் திருப்பித் தருவோருக்குப் பலன் இல்லை. மதுபாட்டிலின் நிலை வேறு. காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தை டாஸ்மாக் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது. கேரள மதுபானக் கழகமும் 2025 செப்டம்பரில் 20 ரூபாய் முன்பணத்துடன் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சோதனையைத் தொடங்கியது. மதுவுக்குச் சாத்தியமானது தண்ணீருக்கு இன்னும் வரவில்லை.

தேவிகுளத்துக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. போடிநாயக்கனூரில் வாங்கிய பாட்டில் போடிமெட்டு வழியாக ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டிவிடும். அதற்கான முன்பணத்தை எந்த மாநிலம் வசூலிப்பது, எது திருப்பித் தருவது என்பதை இரு அரசுகளும் சேர்ந்துதான் முடிவு செய்ய இயலும்.