சாம் இங்கிலீஷ் செய்த குற்றம் என்ன?

ஆடுகளத்தில் அடிபட்டு உயிர்நீத்த கால்பந்து வீரர்களைப் பற்றிப் பேசும்போது ஸ்காட்லாந்தின் ஜான் தாம்சன் பெயர் தவறாமல் வரும். பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பின்னர் நாட்டுக்காக 4 ஆட்டங்கள் ஆடிய கோல்கீப்பர். அவர் புகழைக் குறைப்பது என் நோக்கமன்று. அவர் மாண்ட கதையில் இன்னொருவரும் இருக்கிறார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

1931 செப்டம்பர் 5. கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற பரம வைரிகள் மோதினர். கூட்டம் ஏறத்தாழ 80,000. செல்டிக் கத்தோலிக்கர்களுடையது, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்டுகளுடையது என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. (செல்டிக் கோலைக் காத்த தாம்சன் புராட்டஸ்டண்டு என்பது வேறு விஷயம்!) இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலீஷ் பந்தை உதைக்க ஓடிவந்தார். தாம்சன் அவர் காலடியில் பாய்ந்தார். முழங்கால் மோதி மண்டை எலும்பு உடைந்தது. உடனே நொண்டியபடி உதவிக்குக் கைகாட்டியவர் இங்கிலீஷ்தான். ரேஞ்சர்ஸ் ரசிகர் சிலர் ஆரவாரம் செய்தார்கள். அவர்களுடைய கேப்டனே அதை அடக்க வேண்டியிருந்தது. அன்றிரவு தாம்சன் இறந்தார். வயது 22.

அப்படிப் பாய்வது தாம்சனின் வழக்கம். 1930 பிப்ரவரியில் ஏர்ட்ரி அணியுடன் ஆடியபோதும் தாடையும் விலாவும் முறிந்தன. ஆட்டத்தையே விட்டுவிடும்படி தாயார் மன்றாடினாராம்.

விசாரணையில் விபத்தென்றே முடிவாயிற்று. ஆனால் செல்டிக் மேலாளர் வில்லி மேலி, விபத்தாக இருக்கட்டும் என்றே விரும்புவதாக இழுத்தாற்போல் சொன்னார். நேரில் நன்றாகப் பார்க்காதவர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சந்தேகத்துக்குக் காத்திருந்த வாய்களுக்கு அவர் தீனி போட்டார் என்பதே என் கருத்து.

தாம்சனின் இறுதிச் சடங்குக்கு கிளாஸ்கோவிலிருந்து சுமார் 55 மைல் நடந்தே போனவர்கள் உண்டு. அந்தத் துயரம் வணங்கத்தக்கது. அதே துயரம் மைதானத்துக்கு மைதானம் இங்கிலீஷைப் பார்த்துக் கொலைகாரன் என்று கூவியதை எப்படி ஏற்பது? கல்லூரிப் போட்டிகளில் காலரியில் நின்று, "காலை உடைடா!" என்று கத்தும் நம் நண்பர்களும் சற்று யோசிக்கட்டும்.

அந்தப் பருவத்திலேயே இங்கிலீஷ் லீகில் 44 கோல்கள் அடித்தார். ஒரே பருவத்தில் ரேஞ்சர்ஸ் வீரர் எவரும் அதை முறியடித்ததில்லை. 1932இல் லிவர்பூல் சென்றார். கூச்சலும் பின்னாலேயே வந்தது. 1938இல் ஆட்டத்தை விட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.