தைக்கத் தெரிந்தவளுக்கு வெட்டவும் கற்றுக்கொடுங்கள்

துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடியும் போடலாம். தோலில் அது நடக்காது. ஊசி இறங்கிய இடத்தில் ஓட்டை நின்றுவிடும். அந்தத் துண்டு கழிவுக்குப் போகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்த வேலையைத்தான் காலையிலிருந்து மாலை வரை பிசகாமல் செய்கிறார்கள். வளைந்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, தட்டையான மேசை மிஷினில் ஓட்ட முடியாது என்பதால், தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் ‘போஸ்ட் பெட்’ மிஷினில் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்கள். கம்பெனிப் பதிவேட்டில் இவர்களுக்கு ஆபரேட்டர் என்று பெயர். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே பெயர்தான்.

இந்த வட்டாரத்தில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. தான் தைக்கும் துண்டைத் தானே வரையவும், வெட்டவும், அதற்கு விலை போடவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நடுவயதுப் பெண் ஒருத்தி நினைத்தால், அவள் போய் உட்கார ஒரு வகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆம்பூரிலேயே, ஷிஃப்டுக்குப் பிறகு, வயது வரம்பு பார்க்காமல், படிக்கிற நேரத்துக்குக் கூலியும் கொடுத்து நடத்தும் வடிவமைப்புப் பள்ளி ஒன்றை அரசு தொடங்க வேண்டும். செலவில் ஒரு பங்கைக் கம்பெனிகள் ஏற்க வேண்டும்.

தையல் கற்றுக்கொடுப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பெண்களுக்கு ஒரு மாதத் தையல் பயிற்சி உண்டு, சாப்பாடும் உண்டு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு படிகள் இருக்கின்றன. சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைத் தைத்துத் தருகின்றன. இவற்றில் எதையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை பிளவுஸ், சுடிதார், சீருடையோடு நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே நான்கு டெய்லர்கள் இருக்கும் தெருவில் ஐந்தாவதாக ஒரு மிஷினை இறக்கினால் என்ன ஆகும்? ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு வாரம் ஐந்து பேருக்கும் வேலை இருக்கும். மற்ற நாளில் ஓரம் அடிப்பதும் ஃபால்ஸ் வைப்பதும்தான்.

மறுமுனையைப் பார்ப்போம். சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் 1957 முதல் இயங்குகிறது. தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், தோல் வடிவமைப்பில் பட்டமே தருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகம் உள்ளது. எல்லாம் நல்ல நிறுவனங்கள். குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் பட்டப் படிப்பு என்றால் பன்னிரண்டாம் வகுப்பு தேறி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நிஃப்டில் இளநிலைக்கு வயது 24க்குள் இருக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து சென்னை சுமார் 180 கிலோமீட்டர். ஒன்பதாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்ணுக்கு இந்த வாசல் எதுவும் திறக்காது. ஒரு மாத பிளவுஸ் பயிற்சிக்கும் நான்கு வருடப் பட்டத்துக்கும் நடுவே அவளுக்கு வெறும் காலி இடம்தான்.

அந்த நடுவில் வைக்க வேண்டிய படிப்பு என்ன? ஷூ வடிவமைப்பு என்றால் காகிதத்தில் அழகாகப் படம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை கால் வடிவக் கட்டையில், அதாவது லாஸ்ட்டில், தொடங்குகிறது. அதன் மேல் டேப் ஒட்டி, கோடு வரைந்து, பிரித்தெடுத்துத் தட்டையாக்க வேண்டும். உருண்ட பொருளின் தோலைச் சுருக்கம் விழாமல் சமதளத்தில் படுக்கவைப்பது லேசான காரியம் இல்லை. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் மடிக்கிற விளிம்பு, மேல் துண்டுக்கு அடியில் போகிற விளிம்பு, அடியில் இழுத்து ஒட்டுகிற விளிம்பு என்று சேர்க்க வேண்டும். ஓர் அளவில் வரைந்ததை மற்ற அளவுகளுக்கு ஏற்றி இறக்க வேண்டும்: ஐரோப்பியக் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம், இங்கிலாந்துக் கணக்கில் 8.47.

அடுத்தது வெட்டு. துணி சுருளாக வரும், ஒரே அகலம், ஒரே தன்மை. தோல் ஒவ்வொன்றும் ஒரு விதம். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், கழுத்தில் மடிப்புக் கோடு இருக்கும், நடுவில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும். எந்தத் துண்டை எந்த இடத்தில், எந்தத் திசையில் வைத்து வெட்டுவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும். விலை சதுர அடிக் கணக்கில் போகிற பொருளில் விரற்கடை இடம் வீணானாலும் அது காசு. நீளுகிற தோலை முன்பக்கத்தில் வைத்துவிட்டால் ஷூ இரண்டே மாதத்தில் தொங்கிவிடும்.

இதில் பாதி தையல் பிரிவுப் பெண்களுக்குக் கைப்பழக்கத்தில் ஏற்கெனவே தெரியும். ஓரம் சரியாகச் சீவப்படாத துண்டு கைக்கு வந்தால் தொட்டவுடன் சொல்லிவிடுவார்கள். பேட்டர்னில், அதாவது துண்டுகளை வெட்ட வரைந்த அச்சில், பிழை இருந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். இரண்டு துண்டும் முனையில் ஒன்றுசேராது. ஆனாலும் பிழையைச் சொல்கிற இடம் ஒன்று, திருத்துகிற இடம் இன்னொன்று. திருத்துகிற அறையில், அதாவது சாம்பிள் பிரிவில், பேட்டர்ன் மேசையில், அநேகமாக ஆண்கள்தான் நிற்கிறார்கள்.

வயது வந்தவர்களுக்குப் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்கு நடத்துவதைப் போல அல்ல. நாடாவைப் பிடிக்கிற விதத்திலிருந்து ஆரம்பித்தால் இரண்டாம் நாள் வகுப்பில் ஆள் இருக்காது. அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் அறிவிலிருந்து தொடங்க வேண்டும்: திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ஜோடியை மேசையில் வைத்து, எங்கே கோளாறு, வெட்டிலா, தையலிலா, வரைந்ததிலா என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பின்னமும் தசமமும் அந்த ஜோடியின் வழியாகவே உள்ளே வரலாம். மொழியும் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசுகிற பெண்கள் ஏராளம். தமிழிலும் உருதுவிலும் சொல்லித்தரத் தெரிந்த ஓய்வுபெற்ற பேட்டர்ன் மாஸ்டர்கள் இந்த ஊர்களிலேயே கிடைப்பார்கள். பி.எட். பட்டம் கேட்டு அவர்களை விரட்டிவிடக் கூடாது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் ஐந்து அங்கங்களில் தொழில்திறனும் ஒன்று. அது கையெழுத்துப் போடக் கற்பிப்பதோடு நின்றுவிட வேண்டிய அவசியமில்லை.

இனி வீடுகளுக்கு வருவோம். மொக்காசின் வகை ஷூக்களின் அப்பரைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் திண்ணைகளில் நடக்கிறது. ஏஜென்ட் வெட்டிய துண்டும் நூலும் கொண்டுவந்து போடுவார், முடித்ததை எடுத்துப் போவார். விரல் வெடிப்பும் முதுகுவலியும் வீட்டுக்காரியின் கணக்கு. இந்தப் பெண்களைப் பற்றி 2016இல் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் கூலி 10 பென்ஸுக்கும் குறைவு என்றது. வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளருக்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கிறது. விளக்கத்தை வைத்துக்கொண்டு கூலி கேட்க முடியாது.

அதனால்தான் விலை போடுகிற பாடத்தை நாம் அழுத்திச் சொல்கிறோம். ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடித் தோல், எவ்வளவு நூல், எத்தனை நிமிடம், அதில் தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த பெண்ணிடம் கூலி பேசுவது சிரமம். ஏஜென்ட்டுகளுக்கு இது பிடிக்காது. சில கம்பெனிகளுக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு: டிசைன் வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து வருகிறது, நாங்கள் தைத்துக் கொடுக்கிறோம், இங்கே டிசைனர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதே வாதத்தை இந்த வட்டாரம் ஒருமுறை கேட்டிருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோலைக் கப்பலேற்றுவதுதான் அன்று தொழில். ஷூ செய்வது ஐரோப்பாக்காரன் வேலை. 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலும் தோல் பொருளும் ஏற்றுமதியாக வேண்டும் என்றது. அரசும் அந்த வழியில் நெருக்கியது. அன்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் ஆம்பூரில் இன்று ஷூ கம்பெனிகள் நிற்பதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். தோலிலிருந்து ஷூவுக்கு வந்தவர்கள் ஷூவிலிருந்து டிசைனுக்குப் போக முடியாதா?

போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 ஆகஸ்ட் காட்டியது. இந்தியப் பொருள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், சொந்தப் பெயரும் சொந்த வடிவமும் இல்லாமல் அடுத்தவர் ஆர்டரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தது. தோல் பதனிடுதலைப் பெருக்கி ஈடுகட்டவும் வழியில்லை. பாலாற்றுக்கு அந்தத் தொழில் செய்தது போதும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. இழப்பீடும் கண்காணிப்பும் தொடர வேண்டும் என்று 2025 ஜனவரியில் மீண்டும் சொல்ல வேண்டிவந்தது. ஒரே தோலிலிருந்து கூடுதல் வருமானம் எடுக்க வேண்டுமானால் அது மேசையில்தான் நடக்கும், பதனிடும் பீப்பாயில் நடக்காது.

இன்னொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் அமைக்கும் தோல் அல்லாத காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேருக்கு வேலை என்கிறார்கள். வரட்டும், வேண்டும். ஆனால் இத்தகைய ஆலைகள் தேடுவது இளம் பெண்களை. ஒரே தையலை மட்டும் அறிந்த 38 வயதுப் பெண் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்பாள்.

டிசைன் முக்கியம் என்பது தில்லிக்கும் தெரியாமல் இல்லை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் காலணி, தோல் துறைக்கு அறிவித்த திட்டம் ‘வடிவமைப்புத் திறன்’ வளர்ப்பதையும் நோக்கமாகச் சொன்னது. 2022இல் ஒப்புதல் பெற்று 2026 மார்ச் வரை காலம் குறிக்கப்பட்ட முந்தைய மேம்பாட்டுத் திட்டத்துக்கு 1,700 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். யாருடைய திறனை வளர்ப்பது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போகிற பணத்தில் ஒரு பங்கை, ஏற்கெனவே வேலையில் இருக்கிற பெண்களின் படிப்புக்கு என்று தனியாக எழுதிவைக்க வேண்டும். லண்டனில் 1887இல் தோல் தொழிலுக்கென்று ஒரு பள்ளி பெத்னல் கிரீனில், தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே, தொடங்கியது. இன்று லண்டன் ஃபேஷன் கல்லூரியின் பகுதியாக இருக்கிறது. மிலானின் ஆர்ஸ் சுதோரியா 1947 முதல் பேட்டர்ன் போடுகிறவர்களை உருவாக்குகிறது. இரண்டும் ஷூ தைக்கிற ஊரிலேயே முளைத்தவை.

வயது விஷயத்தில் நம் அரசின் கையே இரண்டு விதமாக எழுதுகிறது. இலவசத் தையல் இயந்திரம் வேண்டுமென்றால் 20 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும். கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடன் வேண்டுமென்றால் 35 ஆகியிருக்க வேண்டும். 25 சதவீத மானியம், 50,000 ரூபாய் வரை. நாற்பதைத் தாண்டிய பெண்ணும் தொழில் தொடங்குவாள் என்று இரண்டாவது திட்டம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வகுப்பறைக்கும் நீட்டினால் போதும். ஆம்பூர்ப் பள்ளியில் படித்து முடிக்கும் பெண் அந்தக் கடனில் பை, பெல்ட், செருப்பு செய்யும் சிறு பட்டறை போடலாம். மிச்சத் தோல் வாங்க அவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. திறன் கழகங்கள் தரும் சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு சரி என்றாகிவிடக் கூடாது. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையில் தோல் பொருள் தொழிலுக்குத் திறன் தரங்கள் இருக்கின்றன. பேட்டர்ன் படிப்பை முடித்தவள் மேல் தரத்துக்கு உயர்ந்தாக வேண்டும் என்று அதிலேயே எழுத வேண்டும். படிக்கும் நேரத்துக்கான கூலியில் பாதியைக் கம்பெனியும் பாதியை அரசும் தரலாம். கற்றுக்கொண்டு வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள் என்பவர்கள், ஏன் ஓடுகிறார்கள் என்று முதலில் தங்கள் கூலிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த மாவட்டங்களின் ஆட்சியர்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இதற்கு இடம் கிடைக்கும்; ஐ.டி.ஐ. கட்டடங்கள் மாலையில் பூட்டித்தானே இருக்கின்றன. இடத்தை விடப் பெரிய சிக்கல் வண்டி. கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்பிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பு எட்டு மணிக்கு முடிந்தால், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்குத் தனியாகத் திரும்ப எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். எட்டேகாலுக்கு ஒரு பஸ், ஊர் வரை, கட்டணமில்லாமல் ஓட வேண்டும். அதன் டீசல் செலவையும் டிரைவர் சம்பளத்தையும் முதல் வருட மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.