அயல் எப்படி?

சென்ற திங்களில் ரொறன்ரோவிலிருந்து என் பழைய மாணாக்கர் ஒருவர் நீண்ட மடலொன்று எழுதியிருந்தார். இருபது ஆண்டுக்கு மேலாக அந்நகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்பவர். இப்போது மனைவி மக்களுடன் யாழ்ப்பாணத்துக்கே மீள எண்ணியிருக்கின்றார். வீடொன்று பார்த்துத் தருமாறு கேட்டிருந்தார். அஃதொன்றும் புதுமையன்று, கடல்கடந்து வாழ்வோர் பலர் இந்நாளில் ஊரிலுள்ள ஆசிரியர்மாரிடம் இத்தகைய பணிகளை ஒப்புவிப்பதுண்டு. ஆயின் அவர் வேண்டிய வீட்டின் இலக்கணமே என்னைச் சிந்திக்க வைத்தது. "ஐயா, என் பிள்ளைகள் இங்கே பல நாட்டார், பல நிறத்தார், பல சமயத்தார் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து உண்டு வளர்ந்தவர்கள். ஊருக்கு வந்து ஒரே வகை மனிதரை மட்டும் கண்டு மனம் குறுகிவிடக் கூடாது. எல்லாரும் கலந்து வாழும் அயலாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பது அவர் வேண்டுகோள்.

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் புகுவோரும் பெண் கொடுக்கப் புகுவோரும் முதலிற் கேட்கும் வினா "அயல் எப்படி?" என்பதே. கிணறு நன்னீரோ உவர்நீரோ, நிலம் செம்பாட்டு மண்ணோ மணலோ என்பனவெல்லாம் அதன் பின்னரே வரும். அவ்வினாவின் உட்பொருள் யாவரும் அறிந்தது: அங்கிருப்போர் நம்மவர்தாமா? என் மாணாக்கரும் அதே வினாவைத்தான் கேட்டார். ஆயின் பொருளைத் தலைகீழாக்கிக் கேட்டார். முப்பது ஆண்டாகப் பிராசீன கல்லூரியிற் பண்டித வகுப்பு நடத்தி வருகின்றேன். இப்படியொரு வினா என்னிடம் வந்ததில்லை. விடை கூறுமுன் சில நாள் மாலைப்பொழுதுகளில் துவிச்சக்கர வண்டியிலேறி நகரத்துத் தெருக்களைச் சுற்றி வந்தேன்.

நம்மவர் நடுவே இருத்தல் வேண்டும் என்னும் இவ்விருப்பம் வெறும் மனப்பாங்கு மட்டுமன்று. ஒரு காலத்திற் சட்டமாகவும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707 இல் தொகுத்து முடித்த தேசவழமையைக் காண்க. அதன்படி ஒருவர் தம் காணியை விற்கும்போது உரித்தாளர்க்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் எல்லைப்புறத்து அயலார்க்கும் அதனை முந்தி வாங்கும் உரிமை உண்டு. ஆங்கிலேயர் 1806 இல் அத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தனர். 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்க்கும் மட்டுமென வரையறுத்தது. சட்டத்தினின்று அயலார் நீங்கினர். எனினும் காணி விலைப்படும் செய்தி கேட்டவுடன் வேலிக்கு அப்பாலிருந்து குரல் எழுவது இன்றும் நின்றபாடில்லை.

இவ்வழக்கத்தைப் பகைமையின் விளைவென்று மட்டும் தள்ளிவிடுதல் முறையாகாது. குடாநாட்டிற் காணிகள் சிறியன, பரம்பரை பரம்பரையாகப் பங்கிடப்பட்டு மேலும் சிறுத்தன, வற்றாத ஆறு இல்லை. ஆகவே கிணறும் வழியும் பலருக்குப் பொதுவாயின. பழைய உறுதிகளை எடுத்துப் பார்ப்போர், காணியின் எல்லைகளைக் கூறிய பின் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கையும் எழுதியிருக்கக் காண்பர். காணியை வாங்குபவர் நிலத்தை மட்டுமா வாங்குகின்றார்? உம்முடைய கிணற்றிற் கயிறு விடும் உரிமையையும் சேர்த்தே வாங்குகின்றார். எவர் எந்தக் கிணற்றில் நீரள்ளலாம் என்பதே தலைமுறை தலைமுறையாகப் பூசலுக்குக் காரணமாயிருந்த நாட்டில், நொத்தாரிசு எழுதும் அவ்வொரு வரியின் பாரம் எத்தகையதென்று கூறவேண்டியதில்லை.

நகரத்தின் நிலை சிறிது வேறாயிருந்தது. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில், சோனகத் தெருப் பள்ளிவாசல்கள், நாக விகாரை, குருநகர்ப் பக்கத்துப் பெரிய கோயில் ஆகியன யாவும் ஒருவர் காலாற நடந்து ஒரு மாலைப்பொழுதிற் கண்டுவரத்தக்க தொலைவிலுள்ளன. சிங்கள மக்கள் வெதுப்பகங்கள் நடத்தினர். அவர் பிள்ளைகளுக்கெனச் சிங்கள மகா வித்தியாலயம் இருந்தது. வண்ணார்பண்ணையில் 1911 இற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் பயின்றது வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். அவரே 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமாகவும், பின்னர்க் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். இந்நகரத்து அசனா லெப்பைப் புலவரை ஈழத்துப் புலவர் வரிசையினின்றும் நீக்கிவிட்டு எவரும் தமிழ் வரலாறு எழுத இயலாது.

இதனைக் கண்டு அக்காலம் பொற்காலமென மயங்கிவிடவும் வேண்டா. சோனகத் தெரு, செட்டித் தெரு, தட்டாதெரு என்னும் பெயர்களே உண்மையைச் சொல்லிவிடுகின்றன. கடையிலும், நீதிமன்றிலும், வகுப்பறையிலும் கலந்தனர். பொழுது சாய்ந்ததும் அவரவர் தெருவுக்குச் சென்றனர். சிலப்பதிகாரத்துப் புகார் நகரமும் அத்தகையதே. மருவூர்ப்பாக்கத்துக் கடற்கரையிற் பல தேயத்தாரும் கலந்து உறைந்தனர் என்று அடிகள் கூறுவதை எடுத்துக்காட்டிப் பெருமை பேசுகின்றோம்; தொழிலுக்கொரு தெருவாகப் பிரிந்திருந்ததும் அதே காதையிற்றான் உள்ளது. கலப்பு துறைமுகத்தில், பிரிவு குடியிருப்பில்.

அந்தக் கலப்பையும் ஒரு நாளில் இழந்தோம். 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்திற் கூடுமாறு பணித்து, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு நீங்குமாறு கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வடமாகாணத்தினின்றும் இவ்வாறு போக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. பெரும்பாலோர் புத்தளம் சென்று ஓலைக் கொட்டில்களிற் குடியேறினர். அப்பொழுது யான் பண்டித வகுப்பு மாணவன். எம்முடன் பயின்ற முஸ்லிம் நண்பர் ஒருவரின் இருக்கை மறுநாள் வெறிதாயிருந்தது. ஆசிரியரும் கேட்டிலர்; யாமும் கேட்டிலேம். கேட்பது ஆபத்தான காலந்தான். ஆயினும் பாடம் முடிந்து வீடு திரும்பும் வழியில் எமக்குள்ளேனும் பேசியிருக்கலாம். பேசவில்லை. சில திங்களின் பின் எங்கள் வீட்டுக்குத் தேக்குமர அலுமாரி ஒன்று மிக மலிவாக வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்ததென்று தந்தையார் கூறவில்லை, யானும் வினவவில்லை. அதன் உட்கதவில் ஒட்டியிருந்த அரபு எழுத்துத் தாளைச் சுரண்டி எடுத்தவன் யானே. என் நூல்கள் இன்றும் அதனுள்ளேதான் இருக்கின்றன.

மீண்டோர் நிலைக்கு வருவோம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் சிலரும், 2009 இல் யுத்தம் ஓய்ந்தபின் வேறு சிலரும் சோனகத் தெருவுக்கு வந்தனர். உஸ்மானியாக் கல்லூரியில் மீண்டும் மணி ஒலிக்கின்றது. ஆயினும் போனவரிற் சிறு பகுதியினரே நிலையாகத் திரும்பினர். இரண்டு தசாப்தங்களிற் புத்தளத்திற் பிள்ளைகள் பிறந்து, மணமுடித்து, ஒரு குடும்பம் மூன்றாகிவிட்டது. இங்கே இருப்பதோ கூரையிழந்த சுவருள்ள பழைய ஒரு துண்டுக் காணி. நெருக்கடி தாங்காது காணியை விற்றுவிட்டவர்களும் உளர். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையிலும் இவர்களின் மீள்குடியேற்றத்துக்கு ஒரு சீரான அரச கொள்கை வேண்டும் எனக் கூறப்பட்டது. கொள்கை ஒருபுறமிருக்க, அத்தெருவுக்கு வெளியே காணி தேடிய முஸ்லிம் ஒருவரிடம் விலை கூறுமுன் பெயர் கேட்டதை என் கண்முன்னே கண்டேன். பெயர் தெரிந்ததும் காணி "விலைப்பட்டுவிட்டது."

சமயம் வேறானவர்க்கு மட்டுமோ இந்நிலை? வலிகாமம் வடக்கினின்றும் 1990 இல் இடம்பெயர்ந்தோருட் பலர், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் இருந்த முகாம்களில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்தனர். வசதியும் உறவும் உடையோர் காலப்போக்கில் வெளியே காணி வாங்கிப் போயினர். இறுதிவரை அங்கு எஞ்சியோருட் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டோர் என்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். பணமின்மை ஒரு காரணம். பணம் சேர்த்த பின்னரும் விற்பார் இன்மை மற்றொரு காரணம். தமிழரே, சைவரே, ஒரே மொழி பேசுவோரே. ஆயினும் "அயல்" கெட்டுவிடுமாம்!

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதனை இலேசாகத் தள்ளலாகாது. கலந்து வாழ்ந்து நாம் கண்டதென்ன என்று என் வயதினர் கேட்பர். 1958 இற் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியோர், கலந்த அயலில் வீடெடுத்து வாழ்ந்தவர்களே. 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி எரித்தனர். அந்நெருப்பிற் சுடப்பட்டோர் தம் இனத்தார் நடுவே இருக்க விரும்பியதைக் குறைகூற யார்க்கு உரிமையுண்டு? அதே இரவுகளில் எத்தனையோ தமிழரைத் தம் வீட்டறைகளில் மறைத்துக் காத்தவரும் சிங்கள அயலாரே என்பதையும், தப்பி வந்தவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம். கலந்த அயல் காப்பென்றும் கூறமுடியாது, கேடென்றும் கூறமுடியாது. ஆயின் 1990 இற் சோனகத் தெருவை ஒரே நாளில் வெறுமையாக்குதல் எளிதாயிருந்தது ஏன் என்று பன்முறை எண்ணியிருக்கின்றேன். அவர்கள் ஒரு தெருவில் இருந்தார்கள். நாம் வேறு தெருக்களில் இருந்தோம்.

சிங்கப்பூர் அரசு இச்சிக்கலைச் சட்டத்தால் அவிழ்க்க முயன்றது. 1989 முதல் அங்கே அரசாங்க அடுக்குமாடி ஒவ்வொன்றிலும், வட்டாரம் ஒவ்வொன்றிலும் சீனர், மலாயர், இந்தியர் இன்ன விகிதத்துக்கு மேல் இருத்தலாகாது என்று வரம்பு விதித்தனர். அவ்விதி கட்டுப்படுத்துவது வாங்குபவரை மட்டுமன்று. வரம்பு நிரம்பிய கட்டடத்திலுள்ள சிறுபான்மையினர், விற்கும்போது அவ்வரம்பை எட்டிய இனத்தாருக்கு விற்கலாகாது. வாங்குவோர் அரியராதலின் விலை குறைந்து வருந்தினர். 2022 இல் வீடமைப்புக் கழகமே அத்தகையோர் வீடுகளை வாங்கிக்கொள்ள முன்வந்தது. அம்முறையை இங்கே கொண்டுவருக என்று யான் கூறவில்லை. நம் நாட்டிற் குடியேற்றத்தை அரசு கையிலெடுத்தபோதெல்லாம் நேர்ந்ததை அறிவோம். ஆயினும் அவர்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். அயலின் தன்மையை முடிவு செய்பவர் வீடு தேடி வருபவரல்லர், வீட்டை விற்பவரே.

இந்நினைவோடு மாணாக்கரின் மடலை மீண்டும் எடுத்துப் படித்தேன். முதன்முறை படித்தபோது மேலோட்டமாகக் கடந்துவிட்ட இறுதிப் பத்தி இப்பொழுது கண்ணில் உறுத்தியது. வலிகாமத்தில் அவருக்கு முதிசமாக வந்த காணி இரண்டு பரப்பு உண்டு. கிணற்றிற் பங்கும் உண்டு. அதனை விற்று வரும் பணத்தைப் புதுவீட்டுக்குச் சேர்க்க எண்ணியிருக்கின்றார். "காணியைப் பிற ஆட்களுக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று சிற்றப்பா சொல்கிறார். நம்மவர் ஒருவருக்கே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். தம் பிள்ளைகளுக்குப் பல்வகை மாந்தரும் வாழும் அயல் வேண்டும்; சிற்றப்பாவின் பிள்ளைகளுக்கு வேண்டா! அவரை நகைக்க எனக்கு மனம் வரவில்லை. நூலெடுக்க எழுந்து அலுமாரியைத் திறக்கும்போது நகைப்பு எங்கிருந்து வரும்?

வீடு ஒன்று கண்டேன். வண்ணார்பண்ணையில், சோனகத் தெருவுக்கு அணித்தாக, பழைய நாற்சார் வீடு, திருத்தினால் வாழலாம். காலையிற் கோயில் மணியும் பள்ளிவாசல் அழைப்பும் ஒருங்கே கேட்கும். அவர் காணியைக் கேட்டும் இருவர் வந்தனர். ஒருவர் "நம்மவர்", விலை குறைத்துக் கேட்டார். மற்றவர் மயிலிட்டிப் பக்கத்தினின்றும் இடம்பெயர்ந்து, முகாமிலும் வாடகைக் கொட்டிலிலுமாகக் காலம் கழித்த ஒரு தாய். மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தோடு வந்தார். கேட்ட விலையைத் தருவதாகக் கூறினார். நாற்காலியைக் காட்டியும் அமரவில்லை, படலையருகே நின்றபடி, "கிணற்றிலும் பங்கு எழுதுவீங்களோ, ஐயா?" என்று ஒன்றை மட்டும் கேட்டார்.

இரண்டையும் ஒரே மடலில் எழுதினேன். வீட்டின் விவரத்தை முதலிலும், அத்தாயின் வினாவை அடுத்தும் எழுதி, உறுதியிற் கிணற்றுப் பங்கு இடம்பெறுமாயின் மட்டுமே இரண்டு காரியத்திலும் யான் தலையிடுவேன் என்று முடித்தேன். சட்டப்படி சிற்றப்பாவுக்கு முந்துரிமை இருக்குமாயின் அவருக்கும் அறிவித்தல் போகவேண்டும். அவர் அதே விலையைக் கொடுத்துத் தாமே வாங்கிக்கொள்ளவும் கூடும். மடல் அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகின்றது. விடை இன்னும் வரவில்லை.