கோர்ட் சம்மனுக்கு என்ன லீவு போடுவீங்க? சாட்சி சொல்றவர் தலையில் விழும் செலவுக் கணக்கு

ஒரு சின்னக் கேள்வி. நாளைக்கே உங்க பேருக்கு கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன் வருது. ஆபீஸ் போர்ட்டலைத் திறக்கிறீங்க. கேஷுவல் லீவு, சிக் லீவு, எர்ன்ட் லீவு எல்லாம் இருக்கு. கோர்ட்டுக்குப் போக எதை அழுத்துவீங்க?

பெரும்பாலான தனியார் கம்பெனிகளில் அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்காது. உங்க சொந்த லீவில் ஒரு நாளை எடுக்கணும். லீவு தீர்ந்துபோயிருந்தா சம்பளம் பிடிப்பாங்க. அரசாங்கம் கூப்பிட்ட வேலைக்கு உங்க பாக்கெட்டிலிருந்து காசு போகும். இது நியாயமே இல்லைங்கிறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

ஜூரி போச்சு, சாட்சி இருக்கார்

ஹாலிவுட் படங்களில் பொதுமக்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தீர்ப்பு சொல்றதைப் பார்த்திருப்பீங்க. நம்ம நாட்டிலும் ஜூரி முறை இருந்தது. 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று ‘குற்றவாளி இல்லை’ன்னு சொன்னது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அப்புறம் 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

ஜூரி இருக்கிற நாடுகளில் ஒரு சண்டை ஓயாமல் நடக்கும்: வேலையை விட்டுட்டு வந்து உட்கார்றவருக்குக் காசு யார் தர்றது? அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் ஜூரருக்கு ஒரு நாளைக்கு 50 டாலர். அங்கே அது பத்தாதுன்னு புலம்புறாங்க. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதல் மூணு நாள் சம்பளத்தை முதலாளியே தரணும், அதுக்குப் பிறகு அரசு தரும். இங்கிலாந்தில் போக்குவரத்துச் செலவும், சம்பள இழப்புக்கு ஒரு உச்சவரம்பு வரைக்கும் தொகையும் கேட்டு வாங்கலாம். கொடுக்கிற தொகை குறைவா இருக்கலாம். ஆனா கூப்பிட்டவங்க காசு தரணுங்கிறதை அங்கே ஒத்துக்கிட்டாங்க.

நம்ம ஊரில் ஜூரி இல்லாததால் அந்தக் கேள்வியும் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. வேலையை விட்டுட்டு கோர்ட் வராந்தாவில் நிற்கிற பொதுஜனம் இங்கேயும் இருக்கார். அவர்தான் சாட்சி.

கணக்குப் போடுவோம்

திருச்செந்தூர்க்காரர் ஒருத்தர், சென்னையில் மாசம் 30,000 ரூபாய் சம்பளம்னு வைத்துக்கொள்வோம். லீவுக்கு ஊருக்கு வந்தப்போ பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு விபத்தைப் பார்த்தார், போலீஸில் சொன்னார். கொஞ்ச வருஷம் கழிச்சு திருச்செந்தூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வருது.

ஒரு தடவை வர்றதுக்கு:

- ரயிலோ பஸ்ஸோ, போக வர: 1,800
- சாப்பாடு, ஆட்டோ: 500
- ரெண்டு நாள் சம்பளப் பிடித்தம்: 2,000
- மொத்தம்: 4,300

இது ஒரு வாய்தாவுக்கு. வந்து நின்னா நீதிபதி லீவு, இல்லைன்னா வக்கீல் வரலை, இல்லைன்னா குற்றம் சாட்டப்பட்டவர் வரலை. வழக்கு தள்ளிப்போகுது. நாலு தடவை அலைஞ்சா 17,200 ரூபாய். ஒரு மாசச் சம்பளத்தில் பாதிக்கு மேல காலி. பிடித்தம் இல்லாம லீவில் சமாளிச்சாலும் எட்டு நாள் போச்சு. வருஷத்துக்கு 12 கேஷுவல் லீவுன்னா அதில் மூணில் ரெண்டு பங்கு.

ஒரு ஆடிட்டரா இன்னொன்றும் சொல்லணும். இந்தச் செலவை வருமான வரியில் கழிக்கவும் வழியில்லை. சம்பளக்காரருக்கு இருப்பது ஸ்டாண்டர்ட் டிடெக்‌ஷன் மட்டும்தான். புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000. அது எல்லாருக்கும் பொது. கோர்ட்டுக்கு அலைஞ்சவருக்குத் தனியா எதுவும் கிடையாது.

உங்களுக்காவது மாசச் சம்பளம் இருக்கு. அமலிநகரிலோ ஆலந்தலையிலோ பங்குக்குக் கடலுக்குப் போறவரை நினைச்சுப் பாருங்க. அன்னைக்குப் படகில் ஏறலைன்னா அன்னைக்குப் பங்கு இல்லை. கந்த சஷ்டி நேரத்தில் சம்மன் வந்தா கோயில் பக்கம் கடை போட்டிருக்கிறவருக்கு வருஷத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கிற நாள் போச்சு. செஷன்ஸ் வழக்குன்னு நாற்பது கிலோமீட்டர் தள்ளி தூத்துக்குடிக்குப் போகணும்னா முழு நாளும் போச்சு.

சட்டம் என்ன சொல்லுது?

வராம இருந்தா என்ன ஆகும்னு சட்டம் தெளிவா சொல்லுது. பாரதிய நியாய சன்ஹிதா 208-வது பிரிவின்படி கோர்ட் அழைப்பை வேணும்னே மதிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். வாரண்டும் வரலாம்.

வந்தா என்ன கிடைக்கும்? அங்கேதான் சட்டத்தின் குரல் இறங்கிடுது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 350-வது பிரிவைப் படிங்க. மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டு, நீதிமன்றம் தகுந்ததுன்னு கருதினால், சாட்சிக்கு நியாயமான செலவை அரசு தரும்படி உத்தரவிடலாம். ‘கருதினால்’, ‘இடலாம்’. கோர்ட் வட்டாரத்தில் பேட்டான்னு சொல்ற சாட்சிப் படி இதுதான். இழந்த சம்பளத்தைப் பத்தி இந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை.

சிவில் வழக்கில் கதை வேறு. சாட்சியைக் கூப்பிடுற தரப்பு, அவருடைய பயணச் செலவையும் ஒரு நாள் படியையும் கோர்ட்டில் முன்கூட்டியே கட்டணும். சொத்துத் தகராறில் ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா சாட்சிக்கு முன்பணம். கொலை வழக்கில் அரசே கூப்பிட்டா ‘பார்க்கலாம்’.

அரசு ஊழியர் தன் வேலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் சாட்சி சொல்லப் போனா அது பணி நாள், பயணப்படியும் உண்டு. அது சரிதான். அப்போ அதே வராந்தாவில், அதே வழக்குக்காக நிற்கிற தனியார் ஊழியருக்கு ஏன் கிடையாது?

ஓட்டுப் போடுற நாளையும் பாருங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு, தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவருக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்லுது. மீறினா முதலாளிக்கு அபராதம். ஓட்டு ஒரு குடிமைக் கடமைன்னு சம்பளத்தைக் காப்பாத்தின சட்டம், சாட்சி சொல்றதைக் கடமைன்னு சொல்லிட்டு சம்பளத்தை மறந்துடுச்சு. இத்தனைக்கும் ஓட்டுப் போடலைன்னா தண்டனை கிடையாது. சாட்சிக்கு வரலைன்னா உண்டு.

காசு கொடுத்தா சாட்சி விலைபோகாதா?

நிறைய பேர் கேட்கிற எதிர்க்கேள்வி இது. என் பதில்: இப்போதான் விலைபோக வசதியா இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. நாலு வாய்தா சொந்தக் காசில் அலைஞ்ச ஒருத்தர். அஞ்சாவது தடவை எதிர்த்தரப்பு ஆள் வந்து ‘அண்ணே, காருல வாங்க, சாப்பாடு நம்ம செலவு’ன்னு சொன்னா? அரசு தராத டிக்கெட்டை யாரோ ஒருத்தர் எடுத்துத் தர்றார். அதுக்கு மேல மிரட்டலே தேவையில்லாமப் போகலாம். பிறழ் சாட்சின்னு பேப்பரில் படிக்கிற எல்லாருமே லட்சக்கணக்கில் வாங்கினவங்கன்னு நினைக்காதீங்க. அலுத்துப்போய் ‘எனக்கு ஞாபகம் இல்லைங்க’ன்னு முடிச்சுட்டுப் போறவரும் அதில் இருப்பார்.

அரசு தரும் தொகை எல்லாருக்கும் ஒரே விதிப்படி, என்ன சொன்னாலும் ஒரே அளவுன்னு இருந்தா அது லஞ்சம் ஆகாது. இழந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது மட்டும்தான். 2000-லேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் படும் பாட்டைக் கடுமையாக் கண்டிச்சது. திரும்பத் திரும்ப வாய்தா, உட்கார இடமில்லை, செலவுக் காசும் ஒழுங்கா வர்றதில்லைன்னு வேதனைப்பட்டது. அதுக்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடிப்போச்சு.

நம்ம பக்கத்து ஊர் சாத்தான்குளத்தை எடுத்துக்குங்க. 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் ரெண்டு பேரும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கு. சி.பி.ஐ.க்குப் போனது, விசாரணை நடந்தது மதுரையில். ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அப்படியும் விசாரணை வருஷக்கணக்கா நீண்டது. சாத்தான்குளத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல. போலீஸுக்கு எதிராவே சாட்சி சொல்ற தைரியத்தைக் கேட்கிறோம். கூடவே பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் அவங்க கிட்டயே கேட்கிறது என்ன முறை?

என்ன மாறணும்?

நான் கேட்பது மூணுதான்.

ஒண்ணு, சாட்சி சம்மன் வந்த நாளுக்கு, ஓட்டுப்பதிவு நாள் மாதிரி, சம்பளத்தோடு விடுமுறை. சட்டம் வர்ற வரைக்கும் கம்பெனிகள் தாங்களாகவே பாலிசியில் சேர்க்கலாம். ஒரு ஊழியருக்கு வாழ்நாளில் இப்படி எத்தனை நாள் வரப்போகுது? ஹெச்.ஆர். பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாது.

ரெண்டு, மாசச் சம்பளம் இல்லாதவருக்கு அந்த மாவட்டத்தின் நாள் கூலியை ஒட்டிய படி. கேட்டு வாங்கும் நிலை மாறி, அன்னைக்கே வங்கிக் கணக்கில் விழணும்.

மூணு, சாட்சி வந்து நிற்கும்போது வாய்தா வாங்கினா, வாங்கினவர் அந்த நாள் செலவைத் தரணும். இதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். 346-வது பிரிவின்படி, சாட்சி வந்திருக்கும்போது சிறப்புக் காரணத்தை எழுதி வைக்காமல் வழக்கைத் தள்ளிவைக்கக் கூடாது. வாய்தா கேட்டவரைச் செலவுத்தொகை கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. அதைப் பயன்படுத்தினாலே போதும்.

இப்போதைக்கு நீங்க செய்ய வேண்டியது

1. சம்மனை ஒதுக்கிப் போடாதீங்க. வாங்கின அன்னைக்கே ஸ்கேன் பண்ணி, ‘இது நீதிமன்ற அழைப்பு, ஆன்-டியூட்டியாகக் கருதவும்’னு ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்க. மறுத்தாலும் எழுத்தில் பதில் வரட்டும்.
2. கிளம்புறதுக்கு முன்னால ஸ்டேஷனில் கோர்ட் வேலை பார்க்கிற காவலரிடம் போன் பண்ணி, அன்னைக்கு வழக்கு எடுப்பாங்களான்னு கேளுங்க. சி.என்.ஆர். நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் ஆப்பிலும் அடுத்த தேதி தெரியும். ஒரே ஒரு போன் 4,300 ரூபாயைக் காப்பாத்தலாம்.
3. டிக்கெட், ரசீது எல்லாத்தையும் வைங்க. சாட்சி சொல்லி முடிச்சதும் அரசு வழக்கறிஞர் மூலமா செலவுத்தொகை கேட்டு மனு கொடுங்க. கேட்காதவருக்குக் கிடைக்காது.
4. அன்னைக்கு ஆஜரானதுக்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்க. லீவுத் தகராறு வந்தா அதுதான் கைகொடுக்கும்.
5. வெளியூரில் இருந்தா, வீடியோ வழியா சாட்சி சொல்ல அனுமதி கேளுங்க. அரசு அறிவித்த இடத்திலிருந்து அப்படிச் சொல்ல புதிய சட்டம் வழி வைத்திருக்கு.

கடைசியா ஒண்ணு. இந்தக் கணக்கைப் படிச்சுட்டு ‘நமக்கு எதுக்கு வம்பு’ன்னு ஒதுங்கிடாதீங்க. விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தா, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு தருது. பேர் சொல்லணும், சாட்சியா வரணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தைரியமா உதவுங்க. ஆனா நீங்களா முன்வந்து சாட்சி சொன்னா அந்தச் செலவு உங்களோடது மட்டும் இல்லை, எல்லாரும் பகிர்ந்துக்க வேண்டியது. இந்தப் பதிவை உங்க ஹெச்.ஆருக்கு ஒரு தடவை ஃபார்வர்டு பண்ணுங்க. லீவு பாலிசியில் ‘நீதிமன்ற சாட்சி - சம்பளத்துடன்’னு ஒரு வரி சேர்க்க அஞ்சு நிமிஷம் போதும்.