கோயில் இருக்கிறது, வரலாறு சொல்ல ஆளில்லை

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குக் கோயிலுக்குப் போவது சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொள்வதோடு முடிவதில்லை. இது யார் கட்டிய கோயில், இங்கே யார் வந்து பாடினார்கள், இந்தக் குளத்துக்கு என்ன கதை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் போன பயன் நிறைகிறது. தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127. இத்தனை தலங்களைச் சுற்றி வாழும் நாங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கோயிலுக்குள் யாரும் இல்லை. எழுதி வைத்த பலகையும் இல்லை. இந்த நிலை இன்று நேற்று வந்ததன்று. ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்துவிட்டது.

எதை இழக்கிறோம் என்பதற்குத் திருவாரூர் ஒன்றே போதும். அங்குள்ள கமலாலயக் குளம் மண் தூர்ந்து கிடந்தபோது அதைத் தோண்டத் துணிந்தவர் பார்வையற்ற அடியாரான தண்டியடிகள். குளத்துக்குள்ளும் கரையிலும் கம்புகளை நட்டுக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவியபடியே மண்ணைச் சுமந்து கொட்டினார் என்கிறது பெரியபுராணம். அதே குளத்தில்தான் சுந்தரர் பொன் எடுத்தார். திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை அங்குள்ள மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடினார். "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறாயே" என்று வீட்டில் நாள்தோறும் சொல்கிறோம். அந்தச் சொல் பிறந்த குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அது எந்தக் குளம் என்று தெரியாமல் எழுந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! குற்றம் பிள்ளைகளுடையதன்று.

அதே கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை விதானம் முழுவதும் ஓவியமாகத் தீட்டினார் சிங்காதனம் என்ற ஓவியர். இந்திரனிடமிருந்து தியாகராசரை முசுகுந்தன் பெற்று வந்த வரலாறு அது. படம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு காட்சியின் கீழும் அது என்ன காட்சி என்று தமிழில் எழுதியும் வைத்தார். அண்ணாந்து பார்க்கும் குடியானவனுக்கும் கதை விளங்க வேண்டும் என்ற அக்கறை 300 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியருக்கு இருந்தது. அந்த அக்கறையைத்தான் இன்றைய நிர்வாகத்திடம் கேட்கிறோம்.

சிற்றூர்க் கோயில்களின் நிலை இன்னும் மோசம். ஒருகால பூசை நடக்கும் கோயில்களில் ஒரே குருக்கள் மூன்று நான்கு ஊர்களைச் சேர்த்துப் பார்க்கிறார். காலையில் விளக்கேற்றிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியில் கிளம்பிவிடுவார். அவர்மேல் குறையில்லை, அவருக்குக் கிடைக்கும் ஊதியம் எவ்வளவு என்பது ஊரறிந்தது. ஆனால் இரண்டு பேருந்து மாறி, வயதான தாயையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வரும் குடும்பம் பூட்டிய கதவின் முன் நிற்கிறது. நடை திறக்கும் நேரம் எங்கும் எழுதப்படவில்லை. சாவி யாரிடம் என்று தெருவில் விசாரித்துக்கொண்டே வெயிலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கதவு திறந்தாலும் தலவரலாற்றுப் புத்தகம் கேட்டால், "அச்சில் இல்லை" என்கிறார்கள். கதை தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதிகம் பாட ஓதுவாரும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்து, அவர்களுக்கு நெல் அளந்து கொடுக்கும்படி கல்லில் வெட்டி வைத்தார் முதலாம் இராசராசன். அவர் ஆண்ட நாட்டில்தான் இன்று பாடல் பெற்ற தலத்திலேயே பாடலைக் கேட்க முடியவில்லை.

கல்வெட்டுகள் படும் பாடு நெஞ்சைப் பதற வைப்பது. எங்கள் பகுதியில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய கோயிலில், கருவறைச் சுவரின் எழுத்துகள் மேல் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் எண்ணெய் வண்ணமும் அடித்திருக்கிறார்கள். குழல்விளக்கு மாட்ட எழுத்தின் நடுவிலேயே துளையிட்டிருக்கிறார்கள். மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்யும் முறையால் பல கோயில்களில் எழுத்து மழுங்கிப்போய், பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. மழுங்கிய எழுத்து திரும்பி வராது. உத்திரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை நாடே கொண்டாடுகிறது. அவையும் ஒரு கோயிலின் சுவரில் வெட்டிய எழுத்துகளே. அடுத்த ஊர்ச் சுவரில் நம் முன்னோர் என்ன எழுதி வைத்தார்கள் என்பதை நாம் படிக்கும் முன்பே வண்ணம் மூடிவிடுகிறது.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. குடமுழுக்கு நடக்கும்போதெல்லாம் வரலாற்றுப் பலகை வரும் என்றார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி தருவோம் என்றார்கள். கைப்பேசியில் கோயில் வரலாறு கேட்கலாம் என்றும் சொன்னார்கள். பெயர்பெற்ற பெரிய கோயில்கள் சிலவற்றில் ஏதோ நடந்திருக்கிறது. சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தவை நன்கொடையாளர் பெயர்ப் பலகைகள் மட்டுமே.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை என்பதுதான் எங்கள் மனத்தாங்கலுக்குக் காரணம். கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பணி 1880-களிலேயே முறையாகத் தொடங்கிவிட்டது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல் அச்சானது. அதன் பின் தொகுதி தொகுதியாக வந்தவற்றில் நம் கோயில்கள் பலவற்றின் கல்வெட்டுகள் பதிப்பாகி, நூலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றின் செய்தியை எளிய தமிழில் ஒரு பலகையில் எழுதி அந்தந்தக் கோயிலின் வாசலில் நிறுத்துவது முடியாத காரியமா? வரலாறும் தமிழும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் மதிப்பூதியம் கொடுத்து அவர்களைக் கோயிலில் நிறுத்தினால், வருகிறவர்களுக்கும் பயன், அவர்களுக்கும் வருவாய். காலியாகக் கிடக்கும் ஓதுவார் இடங்களை நிரப்ப வேண்டும். நடை திறக்கும் நேரமும் சாவி வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணும் வாசலில் எழுதப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கல்வெட்டு உள்ள சுவரில் ஒரு கை வண்ணம்கூடப் படக்கூடாது என்று உத்தரவிட்டு, அது நடக்கிறதா என்று ஊர் ஊராக வந்து பார்க்க வேண்டும். அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன்பே அதிகாரிகள் இதைச் செய்ய வேண்டும்.